தடை மூன்று அங்குலம் உயர்கிற நாளில்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதக்கம் வென்றவர்களுக்கான பரிசுத் தொகையை இன்னும் கூட்ட வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த தலையங்கத்தைப் படித்தேன். கூட்டட்டும், எனக்கு அதில் வயிற்றெரிச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் திறமைசாலிகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டால் பதக்கம் தானாக வரும் என்றும் அதில் எழுதியிருந்தீர்கள். அந்தத் 'தானாக'தான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது.

நான் 27 வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தடை ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் நானே 400 மீட்டர் தடை ஓட்டம் ஓடியவள். பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரே ஒரு முறை இறுதிச் சுற்றுக்குப் போய் எட்டாவதாக வந்தேன். ஓடியதே எட்டுப் பேர்தான். பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, உயரம், வந்த நாள், நின்ற நாள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். ஒன்பது நோட்டு சேர்ந்திருக்கிறது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதில் பாதி அந்த நோட்டுகளிலிருந்து வருவது.

தடை ஓட்டம் பார்த்திராத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆண்களின் 110 மீட்டர் ஓட்டத்தில் பத்துத் தடைகள். 18 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஒவ்வொன்றும் 91.4 சென்டிமீட்டர் உயரம். 20 வயதுக்கு உட்பட்டோருக்கு 99.1. சீனியருக்கு 106.7. பழைய கணக்கில் 36, 39, 42 அங்குலம். ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மூன்று அங்குலம் கூடும். தடைக்கும் தடைக்கும் இடையே உள்ள தூரம் மட்டும் மூன்று பிரிவிலும் ஒன்றேதான், 9.14 மீட்டர். அந்த இடைவெளியை மூன்றே எட்டு வைத்து ஓட வேண்டும்.

மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். தடை உயர்ந்தால் இன்னும் தள்ளி நின்று காலை எடுக்க வேண்டும். இடுப்பு இன்னும் மேலே போக வேண்டும், அதே நேரத்தில் காற்றில் நிற்கும் நேரம் கூடிவிடக் கூடாது. தாண்டி இறங்கியதும் வேகம் குறைந்திருக்கும், அந்தக் குறைந்த வேகத்திலும் அதே மூன்று எட்டில் அடுத்த தடையைப் பிடிக்க வேண்டும். இதற்கு உடம்பு பழக எனக்குத் தெரிந்து குறைந்தது இரண்டு சீசன் ஆகும். அந்த இரண்டு வருஷமும் பையன் முன்னைவிட மெதுவாகத்தான் ஓடுவான். பயிற்சியாளருக்கு அது தெரியும். ரிசல்ட் தாளை மட்டும் பார்க்கிறவருக்குத் தெரியாது.

சரி, இனி என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். 13 வயதில் தன் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு போக மைதானத்துக்கு வந்தவன். வேலியோரம் உட்கார்ந்திருப்பான். ஒருநாள், சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், தடைகளை எடுத்து அடுக்கு என்றேன். அடுக்கினான். அடுக்கிவிட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, கடைசித் தடையைத் தாண்டிப் பார்த்தான். முழங்கால் நேராக மேலே வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அப்படி வருவது அபூர்வம்.

14 வயதில் தேர்வுப் போட்டிக்கு அழைத்துப் போனேன். எடுக்கவில்லை. பக்கத்து லேனில் நின்றவன் இவனைவிட ஒரு தலை உயரம், மீசைகூட அரும்பியிருந்தது. இரண்டு பேரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள்தான். அவன் ஜனவரி முதல் வாரம், இவன் டிசம்பர் கடைசி வாரம். தடகளத்தில் வயதுப் பிரிவைக் கணக்கிடுவது போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று என்ன வயது என்பதை வைத்து. ஆக, ஏறத்தாழ ஒரு வயது வித்தியாசமுள்ள இருவரைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி யாருக்குத் 'திறமை' என்று பார்த்தார்கள். 14 வயதில் ஒரு வருஷம் என்பது சின்ன விஷயமா?

அன்று இரவு நோட்டைப் புரட்டினேன். அதுவரை என்னிடமிருந்து மேல்நிலைப் பயிற்சி முகாமுக்கு எடுக்கப்பட்ட பிள்ளைகளின் பிறந்த மாதங்களைத் தனியாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே வந்துகொண்டிருந்தது. நானே ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். 1980களிலேயே ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் இதைக் கண்டு எழுதிவிட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எத்தனையோ நாடுகளில், எத்தனையோ விளையாட்டுகளில் அதே கதை. நாற்பது வருஷமாகத் தெரிந்த சங்கதி. தேர்வுப் படிவத்தில் பிறந்த தேதி கேட்கிறார்கள். கேட்டு என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தேர்வாளர்களுக்கு மிகவும் பிடித்த பழமொழி இது. என் காதுபடவே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்னே குல்லிக்கும் அவருடன் சேர்ந்தவர்களும் பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2023ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அவர்கள் படித்துப் பார்க்கலாம். 17, 18 வயதில் சர்வதேசத் தரத்தை எட்டியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர் சீனியராகி அந்தத் தரத்தை எட்டவில்லை. சீனியரில் சர்வதேசத் தரத்துக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 82 பேர் அந்த வயதில் அந்த இடத்தில் இருந்ததே இல்லை. முளையில் தெரிந்தது ஒரு பயிர், விளைந்தது வேறு பயிர்.

நார்வேயைப் பாருங்கள். மக்கள்தொகை ஐம்பத்தைந்து லட்சம் சுமார். அங்கே குழந்தைகள் விளையாட்டுக்கென்றே தனி விதிகள் வைத்திருக்கிறார்கள். 11 வயதாகும் ஆண்டு வரை தரவரிசைப் பட்டியல் கிடையாது. 13 வரை தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. பிள்ளைக்கு எந்த விளையாட்டு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதில் பிள்ளைக்கும் ஒரு சொல் உண்டு. இப்படி விட்டால் பிள்ளைகள் சோம்பேறியாகிவிடும் என்று நம்மில் பலர் சொல்வோம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அவர்கள் வாங்கிய தங்கம் 16, எந்த நாட்டையும்விட அதிகம். பனிச்சறுக்கு அவர்களின் பரம்பரைச் சொத்து, அதை மட்டும் வைத்துப் பேசக் கூடாது என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் என் துறைக்கே வருகிறேன். 2021ல் டோக்கியோவில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 45.94 வினாடியில் ஓடினாரே கார்ஸ்டன் வார்ஹோம், அவர் நார்வேக்காரர். 2013ல் உலக இளையோர் போட்டியில் அவர் தங்கம் வாங்கியது தடை ஓட்டத்தில் இல்லை. குண்டெறிதல், ஈட்டி, உயரம் தாண்டுதல் எல்லாம் சேர்ந்த எட்டு விளையாட்டுப் பல்திறன் போட்டியில். 17 வயதுப் பையனை 'நீ தடை ஓட்டக்காரன், வேறெதையும் தொடாதே' என்று யாரும் கட்டிப்போடவில்லை. அந்த 45.94ஐத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் எழுந்து நின்றேன், வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அது வேறு கதை.

என் பையனுக்கு வருகிறேன். 16 வயதில் திடீரென்று வளர்ந்தான். 17 முடியும்போது ஜூனியர் உதவித் தொகை கிடைத்தது. தங்க ஒரு கட்டில், ஃபிசியோவிடம் போக ஓர் அட்டை, வருஷத்துக்கு இரண்டு ஜோடி ஸ்பைக்ஸ் என்கிற ஆணி வைத்த ஓட்டக் காலணி, போட்டிகளுக்குப் பயணச் செலவு. நன்றாகவே கவனித்தார்கள், அதை மறைக்க மாட்டேன். 39 அங்குலத் தடையில் 14.2 வினாடிக்கு வந்தான். அந்த வருஷம் அவன் பெயர் உங்கள் விளையாட்டுப் பக்கத்திலும் ஒரு வரி வந்தது. வெட்டி நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.

டிசம்பரில் அவனுக்கு 19 முடிந்தது. அடுத்த வாரம் ஜனவரி 1. புது ஆண்டின் டிசம்பர் 31 அன்று அவனுக்கு 20 வயதாகியிருக்கும் என்பதால் புத்தாண்டு அன்றே அவன் சீனியர். அதாவது 19 முடிந்து சில நாட்களே ஆன பையன் சீனியர். 14 வயதில் அவனை ஒதுக்கிய அதே விதி இங்கே இரண்டாம் முறை வந்து நின்றது. ஜனவரியில் பிறந்த அந்த மீசைக்காரனுக்கு ஜூனியர் பிரிவில் கிட்டத்தட்ட முழு 20 வயது வரை இடம் கிடைத்தது.

தடகளச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஜூனியர் உதவிக் காலம் முடிந்தது, மாத இறுதிக்குள் அறையைக் காலி செய்யவும், அட்டையைத் திருப்பி ஒப்படைக்கவும். சீனியர் திட்டத்தில் சேர வேண்டுமானால் சீனியர் தகுதி நேரத்தைக் காட்ட வேண்டும். 42 அங்குலத் தடையை அதுவரை அவன் போட்டியில் தாண்டியதே இல்லை. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் விதியைப் பார்த்து எழுதினார். அந்த விதியை எழுதியவர் தன் வாழ்நாளில் ஒரு தடையைத் தூக்கி வைத்துப் பார்த்திருப்பாரா என்பதுதான் என் சந்தேகம்.

தடை உயர்ந்ததும், கட்டில் போனதும், ஃபிசியோ போனதும் ஒரே மாதத்தில். மார்ச் மாதம் தொடையின் பின்பக்கத் தசை கிழிந்தது. நான் ஐஸ் வைத்தேன், எனக்குத் தெரிந்த பயிற்சிகளைச் செய்ய வைத்தேன். எனக்குத் தெரிந்தது போதவில்லை. ஒரு கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தான். காலையில் வேலை முடிந்து நேராக மைதானத்துக்கு வருவான், கண் சிவந்திருக்கும். அந்த ஆண்டு 15.0. அடுத்த ஆண்டு 14.8. எனக்கு அது முன்னேற்றம். தகுதி நேரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. 21 வயதில் நிறுத்தினான். நோட்டில் 'நின்ற நாள்' என்ற இடத்தில் தேதியை எழுதியபோது கை வரவில்லை, பென்சிலில் எழுதினேன்.

110 மீட்டர் தடை ஓட்டத்தில் எந்த வயதில் உச்சம் வருகிறது என்று பாருங்கள். 1993ல் 12.91 வினாடியில் ஓடி உலக சாதனை செய்தபோது காலின் ஜாக்சனுக்கு 26. 2012ல் 12.80 ஓடிய ஏரிஸ் மெரிட்டுக்கு 27. அந்தச் சாதனை இந்தக் கடிதம் எழுதும்வரை நிற்கிறது. 2024 பாரிஸில் தங்கம் வென்ற கிராண்ட் ஹாலோவேக்கு 26. இந்த நால்வரில் 2006ல் 12.88 ஓடிய லியு ஷியாங்தான் இளையவர், 23 முடிய இரண்டு நாள் பாக்கி. 26, 27ல் காய்க்கிற மரத்துக்கு 19லேயே தண்ணீரை நிறுத்துகிறோம். நிறுத்திவிட்டு, காய்த்தால் பரிசு தருகிறோம் என்கிறோம்.

பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024ல் உலகத் தடகள அமைப்பு பாரிஸ் ஒலிம்பிக்கின் தடகளத் தங்கம் ஒவ்வொன்றுக்கும் 50,000 டாலர் தருவதாக அறிவித்தது. ஒலிம்பிக் தங்கத்துக்கு ஒரு சர்வதேசச் சம்மேளனம் பணம் தந்தது அதுவே முதல் முறை. 48 போட்டிகள், மொத்தம் 24 லட்சம் டாலர். வென்றவர்களுக்கு அது நியாயமான கூலிதான். ஆனால் வென்ற அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கரை சேர்ந்தவர்கள். நடு ஆற்றில் இருக்கிறவர்களைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒன்றும் இல்லை.

பிரிட்டனின் உதாரணத்தைச் சிலர் காட்டுவார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒரே ஒரு தங்கம், பட்டியலில் 36வது இடம். அதற்கப்புறம் லாட்டரிப் பணத்தை உயர்மட்ட விளையாட்டில் கொட்டினார்கள். வீரருக்கு மாதப்படி, பயிற்சியாளர், மருத்துவர், விஞ்ஞானி என்று எல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். 2012 லண்டனில் 29 தங்கம். 2016 ரியோவில் பதக்கப் பட்டியலில் இரண்டாம் இடம். நான் அதைக் கேலி செய்யவில்லை. வேலை முழு நேரமும் ஓடுவதுதான் என்று ஒருவனிடம் சொல்லி அதற்குச் சோறும் போட்டால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் காட்டினார்கள். ஆனால் பதக்க வாய்ப்பு ஒன்றையே அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதையும் அவர்களே காட்டினார்கள். ரியோவில் பாட்மின்டன் ஆண்கள் இரட்டையரில் வெண்கலம் வாங்கினார்கள். அதே ஆண்டு முடிவில், டோக்கியோவுக்கான நிதியிலிருந்து பாட்மின்டனை நீக்கிவிட்டார்கள். பதக்கம் வாங்கியும் பட்டினி!

கால்பந்தில் ஒரு விதி இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு வீரரை ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப் ஒப்பந்தக் காலத்துக்குள் வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. 12 முதல் 15 வரை வருஷத்துக்கு 0.25 சதவீதம், 16லிருந்து 0.5. மேலே போன பணத்தில் ஒரு துளி கீழே இறங்கி, அந்தப் பையனுக்கு முதல் பந்தைக் கொடுத்த மைதானத்துக்கு வந்து சேரும். எல்லாச் சமயத்திலும் ஒழுங்காக வந்து சேர்வதில்லை என்பதால்தான் 2022ல் அந்தப் பணத்தைப் பிரித்து அனுப்புவதற்கென்றே தனியாக ஒரு மையத்தைத் திறந்தார்கள். இருந்தாலும் விதியென்று ஒன்று இருக்கிறது. 12 வயதும் 16 வயதும் கணக்கில் வருகின்றன என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

தடகளத்தில் வீரரை வாங்குவது விற்பது இல்லை, அதனால் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பரிசுத் தொகையிலிருந்தும் விளம்பர ஒப்பந்தங்களிலிருந்தும் சங்கத்துக்கு வரும் பங்கில் ஒரு சிறு பகுதியை அந்த வீரர் முதலில் ஓடிய மைதானத்துக்கு அனுப்ப என்ன தடை? எனக்கு எதுவும் தர வேண்டாம். எங்கள் தடைகளில் நான்கின் குறுக்குக்கட்டை உடைந்து, கயிறு கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதை மாற்றினால் போதும்.

இவற்றையெல்லாம்விட நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். ஜூனியர் உதவி பிறந்த தேதியோடு முடியக் கூடாது. சீனியர் பிரிவுக்குப் போன நாளிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு நீள வேண்டும். முழுத் தொகையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கட்டிலும் ஃபிசியோ அட்டையும் இருந்தால் பாதிப் பேர் தாக்குப்பிடிப்பார்கள். அந்த மூன்று ஆண்டும் தகுதி நேரத்தைப் பார்க்காமல், போன வருஷத்தைவிட இந்த வருஷம் எவ்வளவு முன்னேறினான் என்று பார்க்க வேண்டும். என் பையனின் 15.0, 14.8 அந்த அளவுகோலில் நின்றிருக்கும்.

காசு பெரிதாக ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை, ஆகும். ஆனால் ஐந்தாறு வருஷம் பாடுபட்டு வளர்த்தவனை மூன்று வருஷச் செலவுக்குப் பயந்து விட்டுவிடுவது எந்தக் கணக்கில் சிக்கனம்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கட்டிலும் அட்டையும் யார் கையில் இருக்கிறதோ, அவர் என்ன செய்தாலும் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் மருத்துவராக இருந்துகொண்டு வீராங்கனைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திய லாரி நாசருக்கு எதிராக 2018ல் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து பேசினார்கள். அவர்களில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களும் இருந்தார்கள். அவர்களே இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், 14 வயதில் முதல் முகாமுக்குப் போகிற பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? தேர்வுக் குழுவுக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஆளின் தொலைபேசி எண் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் முதல் நாளே இருக்க வேண்டும். உதவித் தொகைக் கடிதத்தின் கீழேயே அதை அச்சடித்துத் தரலாம், ஒரு வரி அதிகமாகும், அவ்வளவுதான்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஜூனியர் போட்டி முடிந்ததும் வென்றவரின் படத்தைப் போடுகிறீர்கள், நல்லது. மூன்று வருஷம் கழித்து அந்த இறுதிச் சுற்றில் ஓடிய எட்டுப் பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போய் ஒரு முறை எழுதுங்கள். முகவரி கிடைக்காவிட்டால் என் நோட்டிலிருந்து தருகிறேன், அவர்கள் சம்மதித்தால்.

அவனுக்கு இப்போது 26. மெரிட் உலக சாதனை ஓடிய வயதுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான், சின்னப் பிள்ளைகளுக்குத் தடை அடுக்கிக் கொடுக்கிறான். போன ஞாயிறு எல்லோரும் போனபின் ஒரு தடையை 42 அங்குலத்துக்கு உயர்த்தி வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். தாண்டினான். "முழங்கால் சரியா வந்துச்சா மேடம்?" என்று கேட்டான். வந்தது.

சங்கத்தைச் சேர்ந்த யாராவது இதைப் படித்து நோட்டுகளைப் பார்க்க விரும்பினால் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் இருப்பேன். கொஞ்சம் முன்னதாக வந்தால் நல்லது, தடைகளை அடுக்க ஆள் குறைவாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தடை ஓட்டப் பயிற்சியாளர்
(என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் அவன் யாரென்று தெரிந்துவிடும்.)